அலை உடையாத இடம்

நவம்பர் பிறந்த பிறகு குவாந்தானுக்கு மீன் பிடிக்கப் போகிறோம் என்று சொன்னால், "இந்த நேரத்திலா?" என்று கேட்காதவர் இல்லை. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கிக்கொண்டே இருக்கும். தீவுகளுக்குப் போகும் படகுகள் பெரும்பாலும் நின்றுவிடும். கரையோரக் கம்பங்களில் சிறு படகுகளை மேலே இழுத்துப் போட்டுவிட்டு மீனவர்கள் வலையைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில், நீளமான தூண்டில் கோல்களைக் காருக்குள் குறுக்காகச் செருகிக்கொண்டு மேற்குக்கரையிலிருந்து கிழக்கே ஓட்டிப் போகும் ஒரு சிறு கூட்டமும் உண்டு. நானும் என் மைத்துனரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

கிள்ளான், பந்திங், செகிஞ்சான் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடல் புதிது. நம் பக்கத்துக் கடலுக்குச் சுமத்ரா ஒரு மதில்போல நிற்கிறது. மலாக்கா நீரிணையில் அலை பெரிதாக எழ இடமில்லை. சேறும் கண்டல் காடும் நீர் ஏற்ற வற்றமும்தான் நாம் அறிந்தவை. தோட்டத்தில் பிறந்தவர்களோ மண்புழுவைக் கோர்த்து ஆற்றிலும் அல்லூரிலும் கற்றுக்கொண்டவர்கள். குவாந்தான் கரைக்கு முன்னால் அப்படி எந்த மதிலும் இல்லை. வடகிழக்கிலிருந்து வரும் அலை தென்சீனக் கடலின் நீளம் முழுவதும் காற்று வாங்கிக்கொண்டு வருகிறது. ஆற்றங்கரையில் பயன்பட்ட பொறுமை இங்கேயும் பயன்படும். மற்றதெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து குவாந்தான் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். காராக் மலைப்பாதையைத் தாண்டி கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் மூன்று மணி நேரத்துச் சொச்சத்தில் போய்விடலாம். வழியில் மாரான் வெளியேறும் சாலை வரும். நம்மவர்களில் பாதிப் பேர் இந்தச் சாலையை அறிந்திருப்பது மரத்தாண்டவரால்தான். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துவிட்டு, அப்படியே குவாந்தான் கடலில் பிள்ளைகளைக் குளிக்க வைத்து அழைத்து வருவது பல குடும்பங்களின் வழக்கம். பங்குனியில் அந்தக் கடல் அநேகமாக அடங்கியிருக்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆண்டு இறுதி விடுமுறைக்கு அதே கரைக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் கோலை மாட்டாதீர்கள். எங்களுக்கு இது ஒரு சட்டம். காரை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து ஏறி நிற்போம். மணல்மேடு, பாறை, விடுதியின் மாடி எதுவானாலும் சரி. ஒரு கோப்பை கோப்பி குடித்து முடிக்கும்வரை கடலைப் பார்ப்போம். இருபது நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். பிறகு அந்த வெள்ளைக்குள் ஒரு ஒழுங்கு இருப்பது கண்ணில் படும்.

அலை தான் நினைத்த இடத்தில் உடைவதில்லை. தன் உயரத்தைப்போல ஏறக்குறைய ஒன்றே கால் மடங்கு ஆழம் வந்ததும் அதன் அடிப்பகுதி தரையில் தேய்ந்து, மேல்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. ஒரு மீட்டர் அலை என்றால் கிட்டத்தட்ட 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். ஆகவே நுரை பொங்கும் இடம் மேடு. அங்கே மணல்திட்டு இருக்கிறது. ஓர் அலை திட்டின் மேல் உடைந்து, கரையை நெருங்குகையில் நுரை அடங்கி, மறுபடி கரையில் வந்து மோதுகிறது என்றால், திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆழம் இருக்கிறது என்று பொருள். கரைக்கு இணையாக ஓடும் அந்தப் பள்ளத்தை நாங்கள் வாய்க்கால் என்போம். கொந்தளிக்கும் கடலில் மீன் நிற்கும் சாலை அதுதான்.

ஏன் அங்கே? அலை மணலைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. மணலுக்குள் புதைந்திருந்த புழு, சிறு நண்டு, ரெமிஸ் சிப்பி எல்லாம் வெளியே வந்து விழும். திட்டின் மேல் நிலைகொள்ள முடியாத இரை அத்தனையும் இந்தப் பள்ளத்தில் வந்து சேரும். அமைதியான கடலில் இரை தேடி அலைய வேண்டிய மீனுக்கு, கொந்தளிப்பில் உணவு வாசலுக்கே வருகிறது. தண்ணீர் கலங்கியிருப்பதால் கரைக்குப் பக்கத்தில் வருவதற்குப் பயமும் இல்லை.

கலங்கல் நீரில் எப்படிக் கண் தெரியும் என்று கேட்கலாம். செனாங்கினைக் கையில் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் இதைக் காலா என்பார்கள். பக்கச் செதிலுக்குக் கீழே பக்கத்துக்கு நான்கு மெல்லிய இழைகள் தனியாகத் தொங்கும். விரல்களைப் போல மணலைத் தடவிக்கொண்டே போய் இரையைக் கண்டுபிடிக்கும் உறுப்பு அது. அதன் அறிவியல் பெயரிலேயே நான்கு விரல் என்ற பொருள் இருக்கிறது. பால் கலந்த கோப்பி நிறத்தில் கடல் இருக்கும்போது மற்ற மீன்கள் தடுமாறும். செனாங்கினுக்கு அது கவலையே இல்லை. டூரி, செம்பிலாங் போன்ற மீசைக்கார மீன்களும் அப்படித்தான். பருவக்காற்றுக் காலத்தில் கரையில் மாட்டுகிறவை பெரும்பாலும் இவையும் கெலாமாவும், சில நேரம் திருக்கையும்தான். கண்ணை நம்பி வேட்டையாடும் மீன்கள் தெளிந்த நீருக்குப் போய்விடுகின்றன.

பாலோக் கடற்கரையில் ஒரு மலாய்ப் பெரியவரைப் பார்த்தோம். குவாந்தானிலிருந்து வடக்கே பெசேராவைத் தாண்டினால் பாலோக். இந்தக் காலத்தில் அங்கே பாய் கட்டிய பலகையில் காற்றோடு ஓடுகிற இளைஞர்களைப் பார்க்கலாம். அன்று எங்கள் பக்கம் ஆறேழு பேர், பதினான்கு அடிக் கோல்கள், இறக்குமதி ரீல்கள். யார் தூரமாக வீசுகிறார் என்பதில் சொல்லாத ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. பெரியவர் கையில் பழைய கோல், இடுப்பில் ஒரு துணிப்பை. அவர் வீசியது இருபது முப்பது மீட்டர்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் வீசிவிட்டு, நரம்பைக் கையால் தொட்டுக்கொண்டு நின்றார். ஒன்றரை மணி நேரத்தில் செனாங்கின் நான்கு, கெலாமா நிறைய.

மைத்துனர் போய்ப் பேச்சுக் கொடுத்தார். "பாக் சிக், தூரமா வீசலையா?"

அவர் வெள்ளை நுரைக்கு அப்பால் எங்கள் ஈயக்குண்டுகள் விழும் இடத்தைக் காட்டினார். "நீங்கள் எல்லாம் மீனைத் தாண்டி வீசுகிறீர்கள். மீன் சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கிறது. நீங்கள் போய் வெளிக்கதவைத் தட்டுகிறீர்கள்" என்றார் மலாயில். சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து கொஞ்சம் ரெமிஸை எடுத்துக் கொடுத்தார். கடையில் வாங்கிய இறாலைவிட அதே கரையில் தோண்டி எடுத்தது நல்லதாம். காலையில் தண்ணீர் வற்றியபோது காலால் மணலைக் கிளறிப் பொறுக்கியிருக்கிறார்.

அன்று மாலை நாங்கள் வீசும் தூரம் பாதியாகக் குறைந்தது. தூரம் வீசக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. வாய்க்கால் எங்கே இருக்கிறதோ அங்கே இரை விழ வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் அது காலடிக்குப் பக்கத்திலேயே இருக்கக்கூடும்.

நல்ல இடம் எது, வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்புங்கள் என்று பலர் கேட்கிறார்கள். அனுப்பலாம், பயன்தான் இல்லை. பாறையும் கழிமுகமும் நகர்வதில்லை, மணல்திட்டு நகர்கிறது. ஒரு வாரம் பெருங்காற்று அடித்தால் கரையின் உருவமே மாறிவிடும். டிசம்பரில் சவுக்கு மரத்துக்கு நேர் எதிரே இருந்த வாய்க்கால் ஜனவரியில் ஒரு கால்பந்துத் திடல் தூரம் தள்ளிப்போயிருக்கும். அதனால் நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் போய்க் கரையை ஒருமுறை நடந்து பார்ப்பது உத்தமம். பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று அப்போது வெட்டவெளிச்சமாகத் தெரியும். பிறகு நீர் ஏறும்போது வந்து வீசலாம். குவாந்தான் பக்கம் ஒரு நாளில் வரும் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரம் இருப்பதில்லை. நீர்மட்ட அட்டவணையில் இரண்டில் பெரியது எது என்று பாருங்கள். பருவக்காற்று நீரைக் கரை நோக்கித் தள்ளுவதால் அட்டவணையில் உள்ளதைவிடவும் கொஞ்சம் மேலே வரும். பையையும் பாயையும் அதற்கேற்ப மேலே வையுங்கள்.

இனி, முன்னால் சொன்ன கவலைக்கு வருகிறேன்.

திட்டின் மேல் உடைந்து கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வழி வேண்டும். வாய்க்கால் வழியாகப் பக்கவாட்டில் ஓடி, திட்டில் எங்கே ஓர் உடைப்பு இருக்கிறதோ அங்கே சேர்ந்து, ஒரே வீச்சில் கடலுக்குள் பாய்கிறது. இதைத்தான் இழுவை நீரோட்டம் என்கிறோம். ஓடி ஓடி அந்த இடம் இன்னும் ஆழமாகிறது. ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. மேலே நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் கறுத்த, அமைதியான ஒரு பாதை. தூண்டில்காரன் தேடுவது அந்தப் பாதையின் இரு ஓரங்களையும்தான். இரையெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மீன் அதன் விளிம்பில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

பிள்ளைகளோடு வரும் குடும்பம் தேடுவதும் அதே இடத்தைத்தான். எங்கே அலை இல்லையோ அங்கே பாயை விரிக்கிறார்கள்.

குவாந்தானுக்கு வடக்கே ஒரு கரையில், ஒரு விடுமுறைக் காலைப் பொழுது. நாங்கள் அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் தெற்கு ஓரத்தில் குழாய்களை ஊன்றிக்கொண்டிருந்தோம். ஒரு வேன் வந்து நின்றது. தமிழ்க் குடும்பம். பாட்டி, இரண்டு தம்பதிகள், ஐந்தாறு பிள்ளைகள். பாய், நாசி லெமாக் பொட்டலங்கள், காற்றடைத்த வாத்து. கரை நெடுகப் பார்த்துவிட்டு, நேராக அந்தக் கறுத்த பாதைக்கு எதிரே வந்து இறங்கினார்கள். பிள்ளைகள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார்கள். பெரியவர்கள் போத்தலைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மைத்துனர் போனார். "அண்ணே, பிள்ளைங்கள கொஞ்சம் அந்தப் பக்கம் விளையாடச் சொல்லுங்க."

"ஏன் தம்பி? மத்த இடத்துலதான அலை அடிக்குது. இங்க அமைதியா இருக்கே."

எங்கள் மீனுக்கு இடைஞ்சல் என்று விரட்டுகிறோம் என நினைத்திருப்பார். அப்படி நினைப்பதில் தவறில்லை. மைத்துனர் பதில் பேசவில்லை. கரையில் ஓர் இளங்காய் கிடந்தது. அதை எடுத்து, பிள்ளைகள் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் போட்டார். "அதைப் பாருங்கண்ணே" என்றார்.

காற்று கரையை நோக்கித்தான் அடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் உப்பு தெறித்தது. காய் முதலில் அங்கேயே ஆடியது. பிறகு காற்றுக்கு எதிராக, மெதுவாக வெளியே நகர ஆரம்பித்தது. நகர நகர வேகம் கூடியது. நாங்கள் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் அலை உடையும் கோட்டைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே தெரியவில்லை.

அந்த அண்ணன் எழுந்து நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிடும்போதே எண்ணினார். ஆறாவது பெயருக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்தச் சிறுமி வேனுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

சில இழுவைகளில் நொடிக்கு இரண்டு மீட்டருக்கும் அதிகமான வேகம் அளக்கப்பட்டிருக்கிறது. அது ஒலிம்பிக் நீச்சல் வீரர் குறுகிய தூரத்தில் காட்டும் வேகத்துக்கு ஏறக்குறைய சமம். அதை எதிர்த்துக் கரைக்கு நீந்த முயல்கிறவர்கள் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். இழுவை யாரையும் நீருக்கு அடியில் இழுப்பதில்லை. வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். அகப்பட்டவர் முதலில் மிதக்க வேண்டும். மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, நுரை பொங்கும் இடத்துக்கு வர வேண்டும். நுரை இருந்தால் மேடு. அலையே கரைக்குத் தள்ளிவிடும். கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மிதக்கக்கூடியது எதையாவது வீச வேண்டும். மூடி இறுக்கிய தண்ணீர்ப் பெட்டி, காலி எண்ணெய்த் தோம்பு எதுவும் உதவும். அடுத்த நொடி 999. சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. முழங்கால் அளவுகூட இறங்கக் கூடாது. ஆனால் கொடியும் காவலரும் உள்ள கரைகள் கொஞ்சம்தான்; மற்ற இடங்களில் கறுத்த பாதை எங்கே என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் தூண்டில் பிடிக்கிறவர்களாகவே இருப்பார்கள்.

தூண்டில்காரர்களும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீசுவதைப் பார்க்கிறேன். அமைதியான மாதங்களில் சரி. பருவக்காற்றில் இது வேண்டாத வேலை. வாய்க்காலின் விளிம்பு மணல் காலுக்கடியில் சரியும். காலணிக்குள் நீர் புகுந்தால் எழுந்திருக்கவும் முடியாது. நாங்கள் ஈர மணலுக்கு மேலே நின்றுதான் வீசுகிறோம். மீன் அருகில் இருக்கும்போது அதற்கு மேல் தேவையும் இல்லை.

சில நாள்களில் கடல் இதற்கெல்லாம் இடமே தராது. வானிலை ஆய்வுத் துறையின் முதல் நிலைக் கடல் எச்சரிக்கை என்றாலே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை. அந்த மாதிரி நாளில் திறந்த கரையில் வாய்க்காலும் இல்லை, திட்டும் இல்லை. கண்ணுக்கு எட்டும்வரை ஒரே நுரை. ஈயக்குண்டு நிற்காது, நரம்பில் பாசியும் ஆறு அடித்து வந்த குப்பையும் சுற்றிக்கொள்ளும். அப்போது திறந்த கடலை விட்டுவிட்டு மறைவான இடம் தேட வேண்டும்.

வரைபடத்தை எடுத்துக் கிழக்குக்கரையைப் பாருங்கள். பல இடங்களில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். வடக்கே ஒரு மலைமுனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தெற்கே கரை உள்வாங்கி வளைந்து, பிறகு நேராக நீண்டு போகும். வடகிழக்கு அலை ஆண்டாண்டாகச் செதுக்கிய வடிவம் இது. முனைக்குத் தெற்கே உள்ள வளைவுக்குள் அலை சுற்றிக்கொண்டு வருவதற்குள் பாதி வலிமையை இழந்துவிடும். செராத்திங்கில் இதைத் தெளிவாகக் காணலாம். பருவக்காற்று அலைக்காகவே பலகையோடு வருகிறவர்கள் ஒரு பக்கம் சறுக்கிக்கொண்டிருக்கும்போது, முனையை ஒட்டிய மூலையில் நீர் வேறு குணத்தில் இருக்கும். குவாந்தான் நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி தெலுக் செம்பெடாக் இருக்கிறது. அதற்குப் பின்னால் காடு அடர்ந்து நிற்கும் குன்றுக்குப் பெயர் புக்கிட் பெலிண்டுங். பெலிண்டுங் என்றால் காப்பது. பெயர் வந்த கதை எதுவாக இருந்தாலும், காற்று நாளில் அந்தக் குன்றடியில் நிற்கும்போது எனக்கு அந்தச் சொல் பொருத்தமாகவே படும்.

ஆனால் மலைமுனைப் பாறைகளின் மேல் ஏறி வீசாதீர்கள். மீன் அங்கே இருக்கும், உண்மைதான். பத்து அலை பாறையின் காலை நனைத்துவிட்டுப் போகும். பதினொன்றாவது தலைக்கு மேல் வரும். இரண்டு அலைத்தொடர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது அப்படி ஆகும். பாறை ஈரமாக இருந்தால், அங்கே அலை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படுவதில்லை.

பாறையைவிட எனக்குப் பிடித்தது கழிமுகம். குவாந்தான் ஆறு கடலில் சேரும் தஞ்சோங் லும்பூர் பக்கம், வாய்க்கு உள்ளே தள்ளி வந்துவிட்டால் வெளியே கடல் என்ன ஆட்டம் ஆடினாலும் தூண்டில் போடலாம். மழையில் ஆறு செந்நிறமாக இறங்கும். கடல் பச்சையும் சாம்பலுமாக எதிர்த்து ஏறும். இரண்டு நிறமும் சேரும் கோடு தண்ணீரின் மேல் கயிறு போட்டதுபோல் தெரியும். நுரையும் இலையும் சருகும் அந்தக் கோட்டில் வரிசைகட்டி மிதக்கும். அந்தக் கோட்டின் ஓரத்தில் உயிர் இறாலைக் கோர்த்து விட்டால் சியாகாப் கிடைக்க வாய்ப்பு உண்டு. உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழத் தெரிந்த மீன் அது. தெற்கே பெக்கானுக்கு அப்பால் கோல பகாங்கிலும் இதே கதைதான். தீபகற்பத்தின் மிக நீளமான ஆறு அங்கே கடலில் விழுவதால் எல்லாமே பெரிய அளவில் நடக்கும். மேற்புறத்தில் வெள்ளம் என்று செய்தி வந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். மரத்தடிகள் வரும்.

சாமான்களைப் பற்றி நிறையச் சொல்ல ஆசையில்லை, கடைக்காரர்கள் சொல்வார்கள். பன்னிரண்டு அடிக் கோல் ஒன்று போதும். அலையில் ஈயக்குண்டு உருண்டுவிடும் என்பதால் கம்பிக் கால்கள் வைத்த ஈயம் வாங்குங்கள். 100 முதல் 150 கிராம். கோலை ஊன்ற ஒரு மீட்டருக்குக் குறையாத பிவிசி குழாய், நரம்பு அலைக்கு மேலே நிற்கும்படி உயரமாக. தலையில் மாட்டும் விளக்கு. இரைக்கு உம்புன்-உம்புன் புழு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறால். பெரியவர் சொன்ன ரெமிஸ் இலவசம்.

ஒரு குறட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். செம்பிலாங்குக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று நச்சு முள்கள். இருட்டில் டூரி என்று நினைத்துக் கையால் பிடித்தவர்கள் விடிய விடிய தூங்கியதில்லை. தூக்கியவுடன் குறட்டால் முள்ளை வெட்டிவிட வேண்டும். குத்திவிட்டால், தோல் பொறுக்கும் அளவுச் சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கையை வைத்திருங்கள். அந்த நஞ்சு சூட்டில் கெடும், வலி இறங்கும். கோப்பிக்குக் கொண்டுபோகும் சுடுநீர்ப் போத்தல் இதற்காகவும்தான். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வலி ஏறிக்கொண்டே போனாலோ கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். பழத்தையும் சுண்ணாம்பையும் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கிழக்குக்கரை இந்தக் காலத்திலும் நன்றாகத்தான் இருக்கிறது. மேற்குக்கரைப் பிள்ளைகள் கடலில் சூரியன் மறைவதைத்தான் பார்த்திருப்பார்கள். இங்கே கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம், மேகம் வழிவிட்டால். காலையில் நாசி டாகாங் பசியாறலாம். பெசேராவில் கெரோபோக் வாங்கலாம். மழை நடுவே வாழையிலையில் சுட்ட சாத்தார் தின்பதற்கு ஈடு எனக்குத் தெரிந்து குறைவு. கடலில் இறங்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் வேண்டாம். பிள்ளைகளை மணல்மேட்டில் உட்கார வைத்து, மேடு எது பள்ளம் எது, இழுவை எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என் அக்காள் மகளுக்கு வயது ஒன்பது. இப்போது எங்களைவிடச் சீக்கிரம் பார்த்துவிடுகிறாள். "மாமா, அங்க இருக்கு கறுப்பு ரோடு" என்பாள்.

போன முறை இரண்டு நாளும் எச்சரிக்கை நீங்கவில்லை. தஞ்சோங் லும்பூரில் மூன்று சிறு கெலாமாவும் ஒரு டூரியும் பிடித்தோம். திரும்பும் வழியில் பனிப்பெட்டியில் இடம் நிறைய இருந்ததால் அதில் கெரோபோக் லெக்கோரை நிரப்பிக்கொண்டோம். வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்த அக்காள், ஐந்நூறு கிலோமீட்டர் போய் வந்ததற்கு இதுவா என்று கேட்டுவிட்டு, மூன்று கெலாமாவையும் மஞ்சள் தடவிப் பொரித்தார். டூரிக்குப் புளி கரைத்தார். சனிக்கிழமை பெரிய ஏற்றம் காலை எத்தனை மணிக்கு என்று மைத்துனர் சாப்பிட்டுக்கொண்டே அட்டவணையைப் பார்க்க ஆரம்பித்தார்.